வேலுத்தாய் ஏழு நிமிஷம் பேசினாள்

அருள்செல்வி டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இங்கிலீஷ் வகுப்பு நடத்த வாடகைக்குப் பிடித்த மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் எப்போதும் நடந்து முடிந்த ஒரு நாள் இருந்தது, நடு அறையில் இன்றைய நாள் இருந்தது, கடைசி அறையில் இனிமேல் வரப்போகும் ஒரு நாள் இருந்தது. குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். கீழே பால்கோவா கிண்டுகிற அடுப்புகள் எரிந்ததால் மூன்று அறைகளிலும் பால் சுண்டுகிற வாசனை ஒரே மாதிரி அடித்தது, அதில் மட்டும் கால வித்தியாசம் கிடையாது. கொரோனா அடங்கிய வருடம் ஒரு தனியார் பள்ளியில் இருந்த வேலை போய், வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் டீச்சர் இந்த மாடியைப் பிடித்தார். வளைகுடாவுக்குப் போகிற நர்ஸ் பெண்கள், இன்டர்வியூவுக்கு நடுங்குகிற பையன்கள் என்று இருபது பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வியாதிதான். நேற்று நடந்ததையும் இன்று நடப்பதையும் நாளை நடக்கப்போவதையும் இங்கிலீஷில் ஒரே குழம்பாகக் கலக்கிவிடுவார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்த டீச்சர், பெயின்டரைக் கூப்பிட்டு மூன்று வாசல் நிலைகளுக்கு மேலும் இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று பலகை எழுதி மாட்டச் சொன்னார். இனி அந்தந்தப் பாடம் அந்தந்த அறையில், அப்போதாவது மண்டையில் ஏறட்டும் என்பது அவர் எண்ணம். பிள்ளைகளுக்கு ஏறுமுன் அறைகளுக்கு ஏறிவிட்டது.

முதலில் கண்டுபிடித்தவள் அக்சா என்கிற நர்ஸ் பெண். முதல் அறையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் முன்னால், மூன்று வருடம் முன்பு காலமான அவளுடைய அப்பா துவைத்த பனியனைக் கொடியில் தேடிக்கொண்டிருந்தார். டீச்சர் மாடியை வாடகைக்கு விட்டவரிடம் போய் விவரம் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரில் ஓதம் அடிக்கிறதா என்று விசாரித்தார். ஓதம் இல்லை என்றதும், அப்படியானால் தன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது இல்லை என்றார். கொஞ்ச நாளில் ஒழுங்குமுறை பிடிபட்டது. நிலைப்படியை முதலில் தாண்டுகிறவருடைய நாள்தான் அறைக்குள் வரும், பின்னால் போகிறவர்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். எந்த நாள் என்று கேட்டு வாங்க முடியாது. அவர் மனசில் முடியாமல் கிடக்கிற நாள் எதுவோ அது வரும். அங்கே இருக்கிறவர்களோடு பேச முடியாது. ஓரமாகக் கிடக்கிற பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், கேட்கலாம், நோட்டில் எழுதலாம். நேற்று நடந்ததை எழுது என்றால் மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் பேனாவைக் கடிப்பார்கள். இங்கே பார்த்து எழுதினார்கள். தேர்ச்சி நன்றாக இருந்தது.

இந்த வகுப்புக்கு 2023 செப்டம்பரில் மாரிசெல்வி வந்து சேர்ந்தாள். வயது முப்பத்தெட்டு, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ராஜபாளையத்தில் தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்குகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பஸ் ஏறி அடுத்த ஊருக்கு வந்ததற்கு ஒரே காரணம், சொந்த ஊரில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. அங்கே அவள் ஏற்கெனவே இங்கிலீஷ் தெரிந்தவள். மூன்றாம் வகுப்பு வரைக்கும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தாள். அப்பாவுக்கு மில்லில் வேலை போனதும் அரசுப் பள்ளிக்கு மாறினாள். கம்பெனியில் சேர்ந்த புதிதில், வந்திருந்த வெளியூர் ஆள் ஒருவருக்கு “குட் மார்னிங் சார், ஹவ் ஆர் யூ” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றோடு தலைவிதி முடிந்தது. மாத்திரை அட்டை, பேங்க் மெசேஜ், கேஸ் புத்தகம் எல்லாம் அவளிடம் வந்தன. உதட்டை அசைத்துப் படிப்பதுபோல் பாவனை செய்து, குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லுவாள். எந்த மாத்திரையாக இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு. பதினெட்டு வருடத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது அவர்கள் செய்த புண்ணியம். அவள் வீட்டுக்காரர் ராம்குமார் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறார். என் சம்சாரம் பேசுகிற இங்கிலீஷ் உங்கள் காலேஜில் ஒருத்தருக்கும் வராது என்று பையன்களிடம் பீற்றிக்கொள்வார். அதை வீட்டில் வந்து சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்படிக்குள் நகர்ந்துவிடுவாள். வாயைத் திறந்து இல்லை என்று சொன்னதில்லை.

அவளை வகுப்புக்குத் துரத்தியது அந்த ஆகஸ்டில் நடந்த ஆடிட். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பி, வேலைக்காரர்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அந்த வாரம் கம்பெனியில் திருவிழா மாதிரி. தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள், முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும், பீரோவில் இருந்து கையுறைகள் வெளியே வரும், தண்ணீர் கேன் மாறும். மேனேஜர் வைகுண்டராஜ் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லுவார். என்ன கேட்டாலும் சந்தோஷமாக இருக்கிறோம், கம்பெனி நல்ல கம்பெனி, ஒரு பிரச்சினையும் இல்லை. இங்கிலீஷில் சொல்ல வேண்டியவர்களுக்கு அதையே இங்கிலீஷில். ஆடிட்டர் போன மறுநாள் கையுறைகள் எண்ணி பீரோவுக்குள் போய்விடும். இது ஒன்றும் ரகசியம் இல்லை, வருடா வருடம் நடப்பது.

அந்த வருடம் வந்த ஆடிட்டர் அம்மா கொஞ்சம் கறார். நானாக ஒருத்தியைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவேன், மேனேஜர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். அதற்கென்ன, எங்களிடமே ஆள் இருக்கிறது என்று வைகுண்டராஜ் மாரிசெல்வியை முன்னால் தள்ளினார். ஆடிட்டர் கைகாட்டியது வேலுத்தாயை. வேலுத்தாய் கட்டிங் மெஷினில் நிற்கிறவள், நாற்பத்தைந்து வயசு, மலையடிப்பட்டிக்காரி, புருஷன் இல்லாமல் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தவள். ஜூன் மாதம் அந்த மெஷின் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பை அறுத்துவிட்டது. வீட்டில் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். கழிவில் போட்ட பேண்டேஜ் துணியைத்தான் சுற்றிக்கொண்டாள். அந்த இரண்டு விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

ஏசி அறையில் மூன்று பெண்கள் மட்டும். தட்டில் பிஸ்கட். வேலுத்தாய் மனப்பாடம் செய்ததைச் சொல்லுவாள் என்றுதான் மாரிசெல்வி நினைத்தாள். அவளோ கையைத் தூக்கி மேஜைமேல் வைத்து, “நான் உள்ளதச் சொல்லிருதேன்” என்று ஆரம்பித்து ஏழு நிமிஷம் பேசினாள். மெஷினுக்கு மூடி இல்லாதது, ரத்தம் துணியில் பட்டதற்குத் திட்டியது, அரிவாள்மனைப் பொய், இப்போது சோற்றைப் பிசையக்கூட வராதது, எல்லாம். பேசிவிட்டு மாரிசெல்வியைப் பார்த்து, “சொல்லு தாயி, ஒண்ணு விடாம சொல்லு” என்றாள். அத்தனையும் நடந்து முடிந்த சமாச்சாரம். நடந்ததை இங்கிலீஷில் எப்படிச் சொல்லுவது என்று மாரிசெல்விக்குத் தெரியாது. தெரிந்தது தாளில் இருந்தது மட்டும். “ஷி இஸ் ஹேப்பி மேடம். கம்பெனி இஸ் குட். நோ ப்ராப்ளம்” என்றாள். ஆடிட்டர் திரும்பத் திரும்ப ஏதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் யெஸ் என்றாள், தலையையும் ஆட்டினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற ஒரு வாக்கியம் அவளுக்கு இங்கிலீஷில் சுத்தமாகத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

மிரட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரும் மிரட்டவில்லை, மேனேஜர் கதவுக்கு வெளியே. வெட்கம்தான். பதினெட்டு வருடப் பேர் அந்த அறையில் போய்விடுமே என்ற வெட்கம். இதை மாரிசெல்வி தனக்குத்தானே சொல்லிக்கொள்ள மூன்று நாள் ஆனது. அதற்குள் வேலுத்தாய் ஒரு பை கொய்யாப்பழத்தோடு அவள் மேஜைக்கு வந்துவிட்டாள். “நீ சொல்லச் சொல்ல அந்தம்மா என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாக தாயி. எனக்குப் பேசத் தெரியாட்டியும் நீ இருந்தியே” என்றாள். மாரிசெல்வி பையை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்ய. அதற்குப் பிறகு முருங்கைக்காய் வந்தது, தீபாவளிக்கு அதிரசம் வந்தது, மே மாதம் சப்பட்டை மாம்பழம் ஒரு கட்டைப்பை நிறைய வந்தது. வருகிறபோதெல்லாம் வேலுத்தாய் குரலைத் தணித்து, “அந்தம்மா எதும் எழுதிருக்காகளா?” என்று கேட்பாள். பார்ப்போம்க்கா என்று மாரிசெல்வி சொல்லுவாள். அந்தப் பழங்களில் ஒரு துண்டுகூட அவள் வாயில் வைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தின்றுவிட்டு, இம்புட்டு ருசியா எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வகுப்புக்குப் போகிற செவ்வாயும் வியாழனும் ஆண்டாள் கோவிலுக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், அதுவும் ஆண்டாள் பேரில். பஸ்ஸில் இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். திரும்பும்போது தேரடியில் துளசி வாங்கிக்கொண்டு போவாள். ராம்குமார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். டீச்சர் முதல் மாதம் எல்லோரையும் நடு அறையில்தான் உட்கார வைப்பார். பார்க்க ஒன்றுமே இல்லாத அறை, மின்விசிறியும் கரும்பலகையும்தான், ஆனால் அந்த அறைதான் கஷ்டம் என்று பழைய பிள்ளைகள் சொல்லுவார்கள். இப்போது என்ன செய்கிறாய், எப்படி இருக்கிறாய், இங்கிலீஷில் சொல் என்று டீச்சர் கேட்ட முதல் நாள், மாரிசெல்வி எழுந்து நின்று, சந்தோஷமாக இருக்கிறேன், கம்பெனி நல்ல கம்பெனி, ஒரு பிரச்சினையும் இல்லை என்று இங்கிலீஷில் ஒப்பித்தாள். டீச்சர், “இது இப்ப உள்ளதில்லம்மா. இது யாரோ குடுத்தது” என்றார். மாரிசெல்வி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த இசக்கிமுத்து, லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர், துபாயில் இருக்கிற, தமிழ் தெரியாத மருமகனோடு பேசக் கற்றுக்கொள்ள வந்தவர், தன் கஷ்டத்தில் இருந்தார். “போயாச்சுன்னா போயாச்சு. அதுக்கு எதுக்கு டீச்சர் நாலு விதமாச் சொல்லணும்” என்றார். “எப்பப் போனீக, போயி எம்புட்டு நாளாச்சு, போனதால இப்ப என்ன கெட்டுச்சு, அதச் சொல்லத்தான் நாலு விதம்” என்றார் டீச்சர். இசக்கிமுத்து நோட்டில் குறித்துக்கொண்டார். மாரிசெல்வி குறித்துக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

இரண்டாவது மாதம் அவள் முதல் அறை நிலைப்படியைத் தாண்டினாள். வேறு எந்த நாளும் வராது என்று அவளுக்கே தெரியும். அந்த ஏசி அறை, பிஸ்கட் தட்டு, மேஜைமேல் வேலுத்தாயின் கை. பின்னால் வந்த நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து, மேஜை பெரிதாக இருந்தது, தட்டில் ஆறு பிஸ்கட் இருந்தன என்று நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, இந்த வகுப்பில் அது ஒரு மரியாதை. மாரிசெல்வி மட்டும் எழுதவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், ஆறு மாதம், அதே ஏழு நிமிஷத்தையும் அதற்குப் பிறகு வந்த மூன்று நிமிஷத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். முதலில் ஆடிட்டர் பேசியதில் கை என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. தை மாதம் வாக்கில், பார்த்தேன், சொன்னாள், நடந்தது என்று உடைந்த துண்டுகளாகக் கேட்டது. டீச்சர் வினைச்சொற்களைப் பட்டியல் போட்டு நெட்டுரு போடச் சொல்ல, அவள் துணிப் பீஸ் எண்ணும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் முணுமுணுத்தாள். பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆடிட்டர் பேசிய அத்தனையும் தண்ணீர் தெளிந்த மாதிரி விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

ஆடிட்டர் கேட்டது இதுதான். இவர் இத்தனை நேரம் பேசினாரே, நீ சொன்னது இவ்வளவுதானா? மாரிசெல்வி யெஸ் என்றாள். இவர் கையைக் காட்டினார், நான் பார்த்தேன், அந்தக் கைக்கு என்ன ஆனது? கம்பெனி இஸ் குட். பயப்படாதே, உன்னிடம் கேட்டதை யாரிடமும் சொல்ல மாட்டேன், இதற்கு முன்பு ஒரு ஊரில் ஒருத்திக்கு என்னால் உதவ முடிந்தது, நான் பேசுவது உனக்குப் புரிகிறதா? யெஸ் மேடம், யெஸ் மேடம். அந்த அம்மா தாளில் எழுதியிருந்த ஏதோ நாலு வரியை அடித்தார். பிறகு ஒரு சிறிய அட்டையை நீட்டி, இதை இவரிடம் கொடு, எப்போது வேண்டுமானாலும் எனக்கு எழுதலாம் என்று சொல் என்றார். அந்த அட்டையை வாழ்த்து அட்டை என்று நினைத்து மாரிசெல்வி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். வெள்ளைக்கார அம்மா என் சம்சாரத்துக்குக் கொடுத்தது என்று ராம்குமார் அதை டிவி ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். எட்டு மாதமாக அது அங்கே நின்றது. அவள் தினமும் துடைத்தாள். ஒரு தப்பு செய்தோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். மூன்று தடவை கதவைத் திறந்துவிட்டவரின் முகத்தில் மூன்று தடவை சாத்தியிருக்கிறோம் என்பது இங்கிலீஷ் தெரிந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே ஊருக்குப் போனாள்.

அப்போதாவது போய்ச் சொன்னாளா? இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மாம்பழ சீசன் முடிகிற வரைக்கும் மென்று விழுங்கினாள். ஜூனில் டீச்சர் எதிர்காலப் பாடம் ஆரம்பித்து, அவளைக் கடைசி அறைக்கு அனுப்பினார். அங்கே தெரிகிறது நிச்சயம் கிடையாது, இன்று இருக்கிற இருப்பில் போனால் எங்கே போய் நிற்போமோ அதுதான் என்று சொல்லித்தான் அனுப்புவார். பெரும்பாலும் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது, யாராவது காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். மாரிசெல்விக்குத் தெரிந்தது கம்பெனி வாசல். முழுக்க நரைத்த வேலுத்தாய் கையில் ஒரு பையோடு நின்று, “அந்தம்மா எதும் எழுதிருக்காகளா தாயி?” என்று கேட்டாள். உடம்பு பெருத்து, கண்ணாடி போட்ட மாரிசெல்வி, “பாப்போம்க்கா” என்று பையை வாங்கிக்கொண்டு போனாள். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு கூச்சம், ஒரு தடுமாற்றம், ஒன்றும் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு போனாள். பெஞ்சில் இருந்த மாரிசெல்வி நோட்டை மூடினாள். பத்து மாதமாக இந்த வெட்கம் போய்த் தொலையாதா என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள். அது போய்விட்டால் தான் எப்படி இருப்போம் என்று பார்த்தபோது பயந்துபோனாள்.

அடுத்த வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வேலுத்தாயைக் கூப்பிட்டாள். “ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வரணும்க்கா, ஒரு விசயம் காட்டணும்” என்றாள். வேலுத்தாய் அந்தம்மாதான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ரோட்டுக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் மாரிசெல்வி வழியெல்லாம் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் வைத்து அந்த அறையின் விவரத்தைச் சொன்னாள். வேலுத்தாய் அதற்கெல்லாம் மலைக்கவில்லை. “நடந்தத மறுபடி பாக்கலாமா? சரி, பாப்போம்” என்று செருப்பைக் கழற்றினாள். டீச்சர் மற்ற பிள்ளைகளை நடு அறைக்கு மாற்றிவிட்டார். மாரிசெல்வி நிலைப்படியை முதலில் தாண்டினாள்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே வேலுத்தாய் கையைத் தூக்கி மேஜைமேல் வைத்து ஏழு நிமிஷம் பேசினாள். பெஞ்சில் இருந்த வேலுத்தாய், சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று தலையசைத்துக்கொண்டாள். பிறகு எதிரே இருந்த மாரிசெல்வி வாயைத் திறந்தாள். பெஞ்சில் இருந்த மாரிசெல்வி அதைத் தமிழில் சொன்னாள்.

“நீங்க சந்தோசமா இருக்கீகன்னு சொல்லுதேன். கம்பெனி நல்ல கம்பெனிங்கேன். பிரச்சினை ஒண்ணும் இல்லைங்கேன்.”

வேலுத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடிட்டர் பேச ஆரம்பித்தார். மாரிசெல்வி ஒரு வார்த்தை கூட்டாமல் ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். “இவங்க இம்புட்டு நேரம் பேசினாங்களே, இம்புட்டுதானான்னு கேக்காக. நான் ஆமாங்கேன். கைக்கு என்ன ஆச்சுன்னு கேக்காக. கம்பெனி நல்ல கம்பெனிங்கேன். பயப்படாத, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன், நான் பேசுறது புரியுதாங்காக. புரியுதுங்கேன்.” அட்டையைக் கொடுக்கச் சொன்னதையும் சொன்னாள், அது ஷோகேஸில் நிற்பதையும் சொன்னாள். பத்து நிமிஷம் முடிந்து, அந்த நாள் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

எதிரே அந்தக் கை மறுபடியும் மேஜைமேல் ஏறியபோது வேலுத்தாய், “தெரியாதுன்னு அந்தம்மாட்ட சொல்லிருக்கலாம்லா” என்றாள்.

“சொல்லத் தெரியும்க்கா. வெக்கமா இருந்துச்சு.”

“கை போனது எனக்கு. வெக்கம் ஒனக்கா.”

வேலுத்தாய் ஒன்று மட்டும் கேட்டாள். “அந்தம்மா மூணு தடவ கேட்டாகளா?” மூன்று தடவை என்று மாரிசெல்வி சொன்னதும், சரி என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முந்திய நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தாள். அடுத்த ஆறு நாள் கம்பெனியில் அவள் மாரிசெல்வி இருந்த பக்கமே திரும்பவில்லை. ஏழாம் நாள், வியாழக்கிழமை, அவளே வந்து மேஜை முன்னால் நின்று, “லெட்டர் எழுதணும்லா, வா” என்றாள்.

லெட்டரை நடு அறையில் வைத்து எழுதினார்கள். வேலுத்தாய் சொன்னாள், மாரிசெல்வி எழுதினாள். நடந்தது எல்லாம் நடந்ததாகவும், மடங்காத விரல் இன்றும் மடங்காததாகவும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. முடிந்தது என்று பேனாவை மூடப்போனபோது, “நீ சொன்ன பொய்யையும் எழுது. ஒம் பேரப் போட்டு எழுது” என்றாள் வேலுத்தாய். எழுதினாள். டீச்சர் சிவப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் திருத்தினார். பொய் சொன்ன வாக்கியத்தில் தப்பே இல்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு மாரிசெல்வி ஷோகேஸைத் திறந்து அட்டையை எடுத்து, முகவரியைப் பார்த்து எழுதிவிட்டு, ராம்குமாரிடம் பதினெட்டு வருடத்தையும் சொன்னாள். அவர் ஷோகேஸ் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். “அப்ப துளசி?” என்றார். கடையில் வாங்கியது என்றாள். அந்த வாரம் முழுக்க அவர் காலேஜ் பஸ்ஸில் இங்கிலீஷ் பேச்சே எடுக்கவில்லை என்று பையன்கள் ஆச்சரியப்பட்டார்களாம்.

நவம்பரில் துணி வாங்குகிறவர்கள் அனுப்பிய இரண்டு பேர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார்கள், மொழிபெயர்ப்பாளரையும் கூடவே கூட்டிக்கொண்டு. மஞ்சள் கோடு அழிந்துகிடந்தது, கையுறைகள் பீரோவில் இருந்தன. வைகுண்டராஜ் வேறு யூனிட்டுக்குப் போனார். கட்டிங் மெஷின் எல்லாவற்றுக்கும் மூடி வந்தது. வேலுத்தாயைக் கம்பெனிச் செலவில் மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். காயம் ஆன உடனே வந்திருந்தால் நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கலாம், ஒன்றரை வருடம் தாமதித்துவிட்டீர்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். ஒன்றரை வருடத்தில் பெரும்பகுதி யாருடையது என்று மாரிசெல்விக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அவள் சூப்பர்வைசர் வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பேக்கிங் மேஜைக்குப் போனாள். அங்கே அவளுக்குக் கம்பெனி இஸ் குட் என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். இப்போது அவளுக்கு மாத்திரை அட்டை உண்மையிலேயே படிக்கத் தெரியும், கொண்டுவந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை.

2025 தை மாதம் வேலுத்தாய் டீச்சரிடம் வந்து தானும் சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். இங்கிலீஷ் எதற்கு என்று டீச்சர் கேட்டதற்கு, இங்கிலீஷ் வேண்டாம், முதல் அறை போதும் என்றாள். நிலைப்படியைத் தாண்டினாள். வந்தது மெஷினில் கை போனதற்கு முந்திய நாள், அவள் வீட்டு வாசல், சாயங்காலம். உள்ளே இருக்கிற வரைக்கும் உடம்பும் அந்த நாளின் உடம்புதான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிய வந்தது. அதுவரை அங்கே போய்வந்தவர்கள் யாருக்கும் கவனிக்கிற அளவு உடம்பு மாறியிருக்கவில்லை. வேலுத்தாய் வலது கையை மூடினாள், திறந்தாள். ஐந்து விரலும் மடங்கின. மறுவாரம் தேரடியில் ஒரு பொட்டலம் உதிரிப் பிச்சிப்பூவும் நாரும் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கட்டினாள். வெளியே வருகையில் நிலைப்படியிலேயே விரல்கள் பழையபடி விறைத்துக்கொண்டன. கட்டின பூ அப்படியே இருந்தது, ஒரு கண்ணி நெகிழவில்லை. டீச்சர் அவளிடம் ஃபீஸ் வாங்குவதில்லை.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை தவறுவதில்லை. வகுப்பு முடிந்ததும் வேலுத்தாய் டீச்சருக்கு ஒரு முழம், நர்ஸ் பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம், இசக்கிமுத்துவின் வீட்டுக்காரிக்கு என்று அவரிடம் ஒரு துண்டு, எல்லோருக்கும் கிள்ளிக் கொடுப்பாள். மாரிசெல்வியைத் தாண்டிப் போவாள். மாரிசெல்வி இன்னும் வகுப்புக்கு வருகிறாள், நடு அறையில்தான் உட்காருகிறாள். அவள் கை நீட்டுவதில்லை. என்றைக்காவது தனக்கும் ஒரு துண்டு கிடைக்குமா என்று கடைசி அறைக்குள் போனால் தெரிந்துவிடும். அங்கே போய்ப் பார்க்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவள் நினைக்கிறாள், யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் இருவரும் ஏறுவார்கள், வேலுத்தாய் முன்னால், மாரிசெல்வி நாலு சீட் பின்னால். போன வாரம் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண், மடியில் இருந்த பூப்பந்தையும் மடங்காத விரல்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தக் கையை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கமாக எப்படிக் கட்டினாய் என்று கேட்டாள்.

“இந்தக் கையில இல்ல. முந்தின கையில கெட்டுனது” என்றாள் வேலுத்தாய்.

அந்தப் பெண் அப்படியா என்று தலையாட்டிவிட்டு, முழம் என்ன விலை என்று கேட்டாள். விலைக்கில்லை என்று சொல்லி வேலுத்தாய் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள். பஸ் முழுக்கப் பிச்சிப்பூ வாசம் அடித்தது. மாரிசெல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வாசம் அங்கேயும் வந்தது.